கண்ணாடித் தொட்டியும் கணக்கற்ற நத்தைகளும்

தெள்ளாரிலிருந்து வந்த கடிதம் ஒன்று இம்மாதம் நம் கையிலிருக்கின்றது. எழுதியவர் ஒரு தாயார். கணவர் ஆரணிப் பட்டுக்குத் தறி நெய்பவர். மூத்த மகன் கல்லூரியிற் பயில்பவன். வீட்டின் பின்கட்டில் இரண்டடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டி ஒன்றும், நாலைந்து பிளாஸ்டிக் தொட்டிகளும் வைத்துக்கொண்டு, கப்பி மீன்களையும் நீர்ச்செடிகளையும் வளர்த்து, வந்தவாசியிலுள்ள கடை ஒன்றுக்குக் கொடுத்து வருகிறான். அதில் வரும் சிறு தொகையே அவனுடைய பேருந்துக் கட்டணமும் புத்தகச் செலவுமாகும். இந்நிலையில் ஆறு திங்களாக அத்தொட்டிகளில் நத்தைகள் புகுந்து பெருகிவிட்டன. கண்ணாடியெங்கும் நத்தை, இலையெங்கும் நத்தை, மணலைக் கிளறினால் அங்கும் நத்தை. கடைக்காரர் செடிகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். தந்தையோ, "அத்தனையையும் கொண்டுபோய் ஏரியில் கொட்டிவிட்டுத் தறியிலே வந்து உட்கார்" என்கிறார். பக்கத்து நிலத்துக்காரர், "மயில்துத்தம் ஒரு சிட்டிகை போடுங்கள், மறுநாள் ஒன்றும் இராது" என்கிறார். மகன் இரண்டு நாளாகச் சரியாக உண்ணவில்லையாம். இருவரில் யார் சொல்வதைக் கேட்பது என்பதே அன்னையார் நம்மிடம் விடுக்கும் வினா.

இரண்டையுமே செய்ய வேண்டா என்பது நம் விடை. இரண்டும் விரைந்து முடிகிற வழிகள். விரைந்து முடிவதனாலேயே மனத்தைக் கவர்கின்றன. ஆனால் முதல் வழி ஊருக்குத் தீங்கு. இரண்டாவது வழி மீனுக்குத் தீங்கு. நத்தைக்கோ இரண்டிலும் பெருந்தீங்கு ஒன்றுமில்லை என்பதுதான் வேடிக்கை.

முதலில், வந்திருக்கும் விருந்தாளி யார் என்று பார்த்துக்கொள்வது நலம். நம் பக்கத்து மீன் தொட்டிகளில் பெரும்பாலும் காணப்படுபவை மூன்று வகை. தட்டையாக, ஆட்டுக்கடாவின் கொம்பைப் போல ஒரே தளத்தில் சுருண்டிருப்பது முதல்வகை. கடைகளில் இதனை ராம்ஸ்ஹார்ன் என்பர். நம் ஏரி குளங்களில் தொன்றுதொட்டு வாழும் இண்டோபிளானார்பிஸ் என்ற நத்தையும் இந்தக் குடும்பத்ததே. இரண்டாவது, மெல்லிய பளபளப்பான ஓடும் கூர்நுனியும் உடைய சிறுநத்தை. இதற்குப் பைசெல்லா என்று பெயர். இதை அறிய எளிய வழி ஒன்றுண்டு. ஓட்டின் நுனி மேல்நோக்கவும் வாய் நம்மை நோக்கவும் பிடித்தால், வாய் இடப்பக்கம் இருக்கும். வலப்பக்கம் இருந்தால் அது வேறு இனம். லிம்னியா என்னும் குளத்து நத்தை. மூன்றாவது, நீண்ட கூம்பு வடிவில், ஊதுகொம்பு போன்றிருப்பது. இது பகலெல்லாம் மணலுக்குள் புதைந்து கிடந்து இரவில் மேலேறி வரும். ஆதலால், "இரவோடிரவாக எங்கிருந்து வந்தன?" என்று பலரும் திகைப்பது இதனைக் கண்டே.

இவை பெருகும் விதத்தை அறிந்தால் திகைப்பு இன்னும் கூடும். கொம்பு நத்தையும் இடவாய் நத்தையும் ஆண், பெண் என்ற பிரிவில்லாதவை. ஒவ்வொன்றும் இரண்டுமாக இருக்கும். துணையே கிடையாவிட்டாலும் தனித்தே முட்டையிட வல்லவை. முட்டைகள், கண்ணுக்கு எளிதிற் புலப்படாத தெளிந்த கூழ்ப்பொட்டுகளாய் இலையின் அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும். நம் வெயில் நாட்டில் ஏறத்தாழ ஒன்று இரண்டு வாரங்களுக்குள் பொரித்துவிடும். ஊதுகொம்பு நத்தையோ முட்டையிடுவதில்லை. ஆணின் துணையின்றிப் பெண் நத்தையே குட்டிகளை உயிரோடு ஈன்றுவிடுகிறது. ஆகவே, வாங்கி வந்த ஒரு செடியின் வேரில் ஒரே ஒரு குட்டி ஒளிந்திருந்தாலும் போதும். அந்தப் பிள்ளையின் கவனக்குறைவால் நேர்ந்த கேடு என்று வீட்டில் யாரும் எண்ண வேண்டா. செடி வைத்த தொட்டியுடையோர் அனைவருக்கும் ஒருநாள் நேர்வதே இது. சென்னைக் கொளத்தூரில் வண்ணமீன் வளர்ப்பையே குலத்தொழில்போல் நடத்துகின்ற குடும்பங்களின் சிமெண்டுத் தொட்டிகளிலும் நத்தை இல்லாமலில்லை.

ஆனால் ஒன்று வருவது வேறு, ஓராயிரமாவது வேறு. வருவதற்குச் செடி காரணம். பெருகுவதற்கு நாம் காரணம். நத்தை உண்பது என்ன? மீன்கள் உண்டு மிஞ்சிய தீனி, அழுகிய இலை, கண்ணாடியில் படியும் பச்சைப்பாசி. இவை மிகுந்தால் நத்தை மிகும். குறைந்தால் முட்டையிடுவது குறையும், பொரித்த குஞ்சுகளும் முழு வளர்ச்சி பெறா. கடிதத்தில் அன்னையார் ஓர் இடத்தில், "காலையில் மகன் தீனி போடுவான், பகலில் சின்னவள் போடுவாள், மாலையில் என் மாமியாரும் ஒரு பிடி போட்டால்தான் அவருக்கு நிம்மதி" என்று எழுதியுள்ளார். மூன்று தலைமுறை அன்பும் அந்த இரண்டடித் தொட்டிக்குள் விழுகின்றது. மீன்கள் தின்பது அதில் ஒரு பங்கு. எஞ்சியது நத்தைக்குப் பந்தி.

ஆகையால் வைத்தியம் தீனிப்பெட்டியிலிருந்து தொடங்க வேண்டும். தீனி போடும் பொறுப்பு ஒருவரிடமே இருக்கட்டும். வளர்ந்த மீன்களுக்கு நாளைக்கு ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை. இரண்டு நிமிடங்களுக்குள் ஒன்றுகூட அடியில் விழாமல் தின்று முடிக்கும் அளவே போட வேண்டும். வாரத்தில் ஒரு நாள் மீன்களுக்கும் ஒருசந்தி இருக்கட்டும். நலமுள்ள வளர்ந்த மீனுக்கு அதனால் தீங்கொன்றும் வாராது. பாட்டியாருக்கு மனம் கேளாதாயின், அந்த நாளை வெள்ளிக்கிழமையாக வைத்துக்கொண்டால் காரணம் சொல்வது எளிது. கப்பிக் குஞ்சுகளுக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு பொருந்தாது. அவற்றுக்குச் சிறிது சிறிதாகப் பலமுறை தீனி வேண்டும்; ஆதலின் அவற்றைத் தனித்தொட்டியில் வளர்ப்பதே தக்கது.

அடுத்தது தூய்மை. மஞ்சளித்த இலைகளை உடனுக்குடன் கிள்ளிவிட வேண்டும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி ஏறக்குறைய 55 லிட்டர் கொள்ளும். மணலும் கல்லும் போக 45 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை ஒரு வாளி, அதாவது 10 முதல் 12 லிட்டர் வரை, அடியிலுள்ள கசடோடு ரப்பர் குழாயால் இறக்கிவிட்டுப் புதுநீர் விடவேண்டும். குழாயை வாயால் உறிஞ்சி நீரிறக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு; நத்தை வாழும் நீரை வாயில் வைப்பது நன்றன்று. குழாயை நீரால் நிரப்பி, இருமுனையையும் விரலால் அடைத்து இறக்கினாலே போதும். குளோரின் கலந்த குழாய்நீராயின் ஒருநாள் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்து பின்னர் ஊற்றுக. தொட்டி விளக்கை நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு மேல் எரியவிட வேண்டா. நேர்வெயில் படும் இடமாயின் தொட்டியைச் சற்று உள்ளே தள்ளி வைப்பது நல்லது. பாசி குறைந்தால் நத்தையின் சோறு குறையும்.

இனி மயில்துத்தத்துக்கு வருவோம். அது நத்தையைக் கொல்லுமா என்றால், கொல்லும். அதிலுள்ள செம்பு நத்தை இனத்துக்கு நஞ்சு. எகிப்து நாட்டில் நத்தைகளால் பரவிய புழுநோயை ஒழிக்கச் சென்ற நூற்றாண்டில் பல்லாண்டுகள் பாசன வாய்க்கால்களில் இதனையே இட்டுப் பார்த்தனர். நத்தைகள் குறைந்தன, பின்னர் மீண்டும் பெருகின, அற்றுப்போகவில்லை. வாய்க்காலின் நிலை அதுவாயின், செடியும் மீனும் நெருங்கி வாழும் சிறுதொட்டியின் நிலை என்னாவது? செம்பு, இறாலை நத்தைக்கு முன்னதாகவே கொல்லும். மென்மையான இலைச்செடிகளைக் கருக்கும். மீனின் செவுளைத் தாக்கும். எவ்வளவு இட்டால் எது சாகும் என்பது நீரின் தன்மையைப் பொறுத்தது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீரில் அதன் வேகம் குறையும், மென்னீரில் கூடும். ஆகவே ஒரு வீட்டில் தீங்கு செய்யாத சிட்டிகை, மறுவீட்டில் தொட்டியையே சுடுகாடாக்கிவிடும். நிலத்துக்காரர் போர்டோக் கலவையில் அதனை அளந்து பயன்படுத்தி அனுபவமுள்ளவராயிருக்கலாம். ஆனால் இலைமேல் தெளிப்பதும் மீன் மூச்சுவிடும் நீரில் கரைப்பதும் ஒன்றாகா.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. பல நூறு நத்தைகள் ஒரே இரவில் மடிந்தால் அத்தனை உடல்களும் மணலிலும் வேரிடுக்கிலும் கிடந்து அழுகும். அழுகலிலிருந்து அம்மோனியா எழும். சாதாரண நாளில் தொட்டியிலுள்ள நற்கிருமிகள் அம்மோனியாவைத் தீங்கற்றதாய் மாற்றிவிடும். இத்துணை மிகுதியை அவை தாங்கமாட்டா. விளைவு, விடிந்து பார்த்தால் மீன்கள் நீர்மட்டத்தில் வாய் பிளந்து நிற்கும். நத்தை மருந்தென்று கடையில் வாங்கி ஊற்றி மீன்களை இழந்தோர் பலர், மருந்தின் கொடுமை என்றே எண்ணிக்கொள்கின்றனர். பாதிக்கும் மேற்பட்ட பழி அழுகலைச் சார்ந்தது. ஊதுகொம்பு நத்தையோ, வாயை மூடும் தட்டு ஒன்றுடையது. தீங்கு வந்தால் கதவடைத்துக்கொண்டு மணலுக்குள் காத்திருக்கும். மீன்கள் மடிந்தபின் அது வெளிவருவதைக் காணலாம்!

மயில்துத்தம் வேண்டாமென்றால் இலுப்பைப் பிண்ணாக்கு போடலாமே என்று வேறு சிலர் சொல்லக்கூடும். மீன் குட்டைகளில் வேண்டாத மீன்களை ஒழிக்க வளர்ப்போர் இடுவதே அந்தப் பிண்ணாக்கு. நத்தைக்கு முன் மீனைத்தான் அது கொல்லும். உப்பு, செடிக்கு ஆகாது. ஆக, கொட்டிக் கலக்கும் வைத்தியம் எதுவும் செடித்தொட்டிக்கு ஏற்றதன்று என்று முடிவு கட்டிவிடலாம்.

ஐரோப்பாவில் 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் எழுதப்பட்ட கையெழுத்துச் சுவடிகளின் ஓரங்களில், செபப் புத்தகங்களிலுங்கூட, கவசம் பூண்ட வீரன் ஒருவன் வாளும் கேடயமுமாக நத்தையோடு பொருதும் சிறுசித்திரங்கள் காணப்படுகின்றன. அவற்றின் பொருள் என்னவென்று அறிஞர்கள் இன்றும் பலவாறு சொல்கின்றனர். சில படங்களில் வீரன் வாளை நழுவவிட்டு மண்டியிட்டிருக்கிறான். தொட்டி வைத்திருப்போர்க்கு அதன் பொருள் விளங்காமற் போகாது. தெள்ளாறு என்னும் பெயருக்கும் போர் புதிதன்று. 9-ஆம் நூற்றாண்டில் அங்கே வென்ற பல்லவனைத் 'தெள்ளாறெறிந்த நந்திவர்மன்' என்றே வரலாறு நினைவிற் கொண்டுள்ளது. எனினும் இந்தப் பகையை வாளால் எறிவதற்கில்லை. பொறுமையால் எண்ணிக் குறைக்க வேண்டும்.

குறைக்கும் வழி இது. இரவு விளக்கணைத்த பின், ஒரு முட்டைக்கோசு இலையையோ வெள்ளரித் துண்டையோ கொதிநீரில் ஒரு நிமிடம் இட்டெடுத்து, மிதக்காமலிருக்க ஒரு சிறு கல்லைக் கட்டி, சின்னத் தட்டின்மேல் வைத்துத் தொட்டியின் அடியில் இறக்குக. நத்தைகள் இரவெல்லாம் அதில் வந்து மொய்க்கும். விடியுமுன், விளக்கேற்றுவதற்கு முன்பே, தட்டோடு மெல்ல எடுத்துவிடுக. இலையை நாட்கணக்கில் உள்ளேயே விட்டுவிட்டால் நாமே மீண்டும் விருந்து வைத்தவராவோம். முதல் வாரம் நாள்தோறும், பிறகு ஒன்றுவிட்டொரு நாள் என்று தொடர்க. எத்தனை எடுத்தோம் என்பதை ஒரு நோட்டில் குறித்து வருவது நல்லது. முதலில் எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியே நிற்கும், மனம் தளரும். முட்டைகள் பொரித்துக்கொண்டிருக்கும் காலம் அது. தீனி உண்மையாகவே குறைக்கப்பட்டிருந்தால் ஒன்றிரண்டு மாதங்களில் எண்ணிக்கை இறங்கத் தொடங்கும். இறங்காவிட்டால், பாட்டியாரின் மடியில் தீனி டப்பா இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதுதான். கண்ணாடியில் காணும் கூழ்ப்பொட்டுகளைப் பழைய அட்டை கொண்டு சுரண்டி எடுக்கலாம். பாவில் அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிணைப்பவர் அந்த வீட்டிலேயே இருக்கிறார். அவருக்கு இவ்வேலையின் இயல்பை நாம் விளக்க வேண்டியதில்லை.

எடுத்த நத்தைகளை உயிரோடு சாக்கடையில் வீச வேண்டா. கொதிநீரை அவற்றின்மேல் ஊற்றினால் நொடியில் முடிந்துவிடும். பின்னர் மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிடலாம். வாத்துக்கோ கோழிக்கோ பச்சையாகப் போடுவதும் கூடாது. சில புழுக்கள் நத்தையின் வழியாகவே அவற்றைச் சென்றடைகின்றன. வேலை முடிந்தபின் சோப்பிட்டுக் கைகழுவுக.

நத்தை தின்னும் மீனை வாங்கிவிட்டால் என்ன என்று மகன் கேட்டிருக்கிறான். கேரள ஆறுகளில் வாழும் குட்டிப் பேத்தை மீன், கட்டைவிரல் அளவுகூட இல்லாதது. நத்தையை விரும்பித் தின்னும். ஆனால் கப்பியின் நீண்ட வாலையும் விட்டுவைக்காது. அயிரையின் உறவான போட்டியா இன மீன்களும் நத்தை தின்பவையே. அவற்றுள் வரிக்குதிரைபோல் கோடுகள் கொண்ட ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் மட்டும் வாழ்வது. இன்று அழியும் நிலையிலுள்ள உயிரினமாகக் கணிக்கப்பட்டிருக்கிறது. குட்டிப் பேத்தையும் அருகி வருகின்றது. நம் தொட்டி நத்தையைக் குறைப்பதற்காக ஓடையிலிருந்து அவற்றைப் பிடித்து வரச் செய்வது முறையன்று என்பது நம் கருத்து. நத்தை தின்னும் நத்தை ஒன்றும் கடைகளில் உண்டு, தென்கிழக்காசியாவைச் சேர்ந்தது, மெதுவாகவே பெருகுவது. வேண்டுமானால் அதனை இரண்டு மூன்று விட்டுப் பார்க்கலாம். ஆயினும் தீனியைக் குறைக்காதவனுக்கு அதுவும் உதவாது. இவையெல்லாம் துணைகளேயன்றி வைத்தியமல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நத்தை ஒன்றுகூட இல்லாத தொட்டியை நாம் நாட வேண்டியதில்லை. பத்திருபது நத்தைகள் அழுகலைத் தின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தால் அவை வேலைக்காரர்களே. ஊதுகொம்பு நத்தை மணலைக் கிளறி, அடியில் கெட்ட காற்று தங்காமற் செய்கிறது. பகலில் அது கூட்டங்கூட்டமாக மேலேறி வந்தால், நீரில் ஏதோ கெட்டுவிட்டது என்பதற்கு அடையாளம். அன்றே நீர் மாற்ற வேண்டும். இவ்வகையில் அது மீனினும் முந்திச் சேதி சொல்லும்.

இனித் தந்தையார் சொன்ன ஏரி. வேலையற்ற வேலை என்று அவருக்குத் தோன்றுவதை நாம் குறை சொல்லவில்லை. பட்டு நெய்து பிள்ளையைப் படிக்க வைக்கிறவருக்கு அலுப்பு வருவது இயல்பே. ஆனால் தெள்ளிய நீரைத் தன் பெயரிலேயே வைத்திருக்கும் ஊரின் ஏரியில் தொட்டியைக் கவிழ்ப்பதற்கு முன் அவர் சில செய்திகளைக் கேட்க வேண்டும் என விரும்புகிறோம்.

1847-ஆம் ஆண்டு, நத்தையோடுகளை ஆராய்ந்த பென்சன் என்னும் ஆங்கிலேயர் மொரீசியசுத் தீவிலிருந்து ஆப்பிரிக்கப் பெருநத்தைகள் சிலவற்றைக் கல்கத்தாவுக்குக் கொணர்ந்தார். அவை அங்கே ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. கைக்குள் அடங்கிய அந்தச் சிலவற்றின் வழியினர் இன்று நாட்டின் பல மாநிலங்களில் வாழை, பப்பாளி, காய்கறி என்று ஒன்றுவிடாமல் மேய்கின்றனர். கேரளத்தில் மழைக்காலத்தில் சுவரெல்லாம் ஏறும் அவற்றை உப்பும் புகையிலைச் சாறும் கொண்டு விரட்டி ஓய்கின்றனர். அது தரை நத்தை. நீர்நத்தைக்கு எடுத்துக்காட்டு வேண்டுமாயின், தென் அமெரிக்காவின் பொன்னிற ஆப்பிள் நத்தையைச் சொல்லலாம். 1980-ஐ ஒட்டி அதனை உணவுக்கென்று தைவானுக்குக் கொண்டு சென்றனர். அடுத்த சில ஆண்டுகளில் பிலிப்பைன்சுக்கும் சென்றது. சந்தையில் எதிர்பார்த்த விலை கிடைக்கவில்லை, வளர்த்தவர்கள் கைவிட்டனர், நத்தை வாய்க்கால் வழியே வயலில் இறங்கியது. நட்ட நாற்றை நீர்மட்டத்தில் அறுத்துத் தள்ளும் அதனோடு அந்நாட்டு உழவர்கள் இன்றளவும் போராடுகின்றனர். தைவானிலும் அதனை வயலில் கொண்டு விட்டவர் எவரும் பகைவரல்லர். வேண்டாததை நீரில் விட்டவர், அவ்வளவே. மீன் தொட்டிக்கென்று விற்கப்படும் மஞ்சள் நத்தைகளும் இதன் நெருங்கிய உறவுகள். நீர்மட்டத்துக்கு மேலே கண்ணாடியில் இளஞ்சிவப்பு முட்டைக்குலை தென்பட்டால், அந்த நத்தையை ஒருக்காலும் வெளியே விடலாகாது. தொட்டியைத் தூய்மை செய்யும் என்று வாங்கி, வளர்ந்தபின் ஏரியில் விடப்பட்ட சக்கர் மீன்கள் தமிழ்நாட்டு ஏரிகள் சிலவற்றிலும் கேரள நீர்நிலைகளிலும் பெருகி, வலைவீசும் எளியவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டிருப்பதையும் சேர்த்துக்கொள்க.

"கொம்பு நத்தை நம் ஏரியில் முன்பே உள்ளதுதானே, நாலு கூடினால் என்ன?" என்று அவர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அந்த நத்தையினால் வரும் ஒரு நோயை ஊரார் அறிந்திருப்பார்கள். மாடு மூக்கில் சளி ஒழுக, மூச்சுவிடும்போது குறட்டை விடும், பால் குறையும், உழவுக்கு ஆகாமல் மெலியும். மாட்டின் மூக்கு இரத்த நாளங்களில் வாழும் புழுவால் நேர்வது இது. 1930-களின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் கால்நடை ஆய்வாளர் எம். ஏ. என். ராவ் அப்புழுவை ஆராய்ந்து உலகுக்கு அறிவித்தார். மாட்டின் சளியோடு புழுவின் முட்டை குளத்து நீரில் விழும். அதினின்று வெளிப்படும் குஞ்சு கொம்பு நத்தைக்குள் புகுந்து வளர்ந்து பெருகும். பின்னர் நத்தையை விட்டு வெளியேறி, நீரில் நிற்கும் மாட்டின் தோலைத் துளைத்து உள்ளேறும். நடுவில் நத்தையில்லையேல் இந்தச் சங்கிலி அறுந்துபோகும். வலவாய் நத்தையான லிம்னியாவும் இதைப்போன்றே ஆடு மாடுகளின் ஈரல் புழுவைச் சுமப்பது. தொட்டியிற் பிறந்து வளர்ந்த நத்தையிடம் புழு இராது என்பது உண்மை. ஆனால் ஊரின் மாடெல்லாம் இறங்கும் துறையில் வாளி வாளியாக நத்தையைக் கொட்டுவது, நோய்க்கு வீடு கட்டிக் கொடுப்பதாகும்.

இதன் மறுபக்கமும் உண்டு. மகன் ஏரியிலிருந்து கொட்டிச்செடியையும் பாசியையும் பறித்து வந்து தொட்டியில் வைப்பதாகத் தெரிகிறது. எருமைகள் புரளும் துறையில் அதைச் செய்ய வேண்டா. மாட்டுக்கென்று புறப்பட்ட அந்த நுண்புழுக்கள் சில வேளை மனிதத் தோலிலும் புகுந்து, அங்கேயே மடிந்து, கடுமையான அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும். நத்தைகள் அவன் தொட்டிக்கு வந்த வழியும் பெரும்பாலும் அதுவாகவே இருக்கலாம்.

கடைசியாக விற்பனை. கடைக்காரர் திருப்பி அனுப்பியதில் தவறில்லை. முட்டை ஒட்டிய செடியைச் சொல்லாமல் விற்றால், வாங்கிய வீட்டில் இதே கண்ணீர் மூன்று மாதம் கழித்து வரும். எனவே விற்பனைக்குரிய செடிகளுக்குத் தனித்தொட்டி ஒன்று வேண்டும். பறித்த செடியை முதலில் ஓடுநீரில் அலசி, முட்டைப்பொட்டு கண்ட இலையைக் கிள்ளி எறிக. பின்னர், நம் வீடுகளில் எப்போதும் இருக்கும் படிகாரத்தைப் பொடித்து, லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி வீதம் கரைத்து, அந்நீரில் ஒருநாள் முதல் இரண்டு நாள் வரை செடியை மூழ்கவைத்து, நன்றாகக் கழுவுக. நத்தைகளும் குஞ்சுகளும் இதில் மடியும். முட்டைகளில் சில தப்பக்கூடும். தடித்த இலைச்செடி இதனைத் தாங்கும். மென்பாசிகள் தாங்குமா என்று ஒரு கொத்தை மட்டும் முதலில் இட்டுப் பார்க்க வேண்டும். வெளுப்புக் காரத்தைச் சிலர் பரிந்துரைப்பர். வாலிஸ்னேரியா போன்ற நாடாச்செடி அதில் கரைந்துவிடுமாதலால் நாம் அதனைச் சொல்வதில்லை. கழுவிய செடியை மீனில்லாத, தீனி விழாத தொட்டியில் மூன்று நான்கு வாரங்கள் வைத்துப் பார்க்க வேண்டும். தப்பிய முட்டை அதற்குள் பொரித்து, குஞ்சு கண்ணுக்குத் தெரியுமளவு வளர்ந்துவிடும். தெரிந்தால் மறுபடியும் படிகாரம், தெரியாவிட்டால் கடைக்கு. அப்போதும் கடைக்காரரிடம், "இன்ன நாள் கழுவியது, இத்தனை வாரம் தனியே வைத்தது" என்று சொல்லியே கொடுக்கட்டும். திருப்பி அனுப்பியவர் மறுபடி வாங்குவதற்கு அந்த ஒரு சொல் உதவும். ஒரு மாதத்துக்கு வரும்படி நின்றுபோகும் என்பதை நாம் மறைக்கவில்லை. பேருந்துக் கட்டணத்தைத் தந்தையார் அம்மாதம் பொறுத்துக்கொள்வாராக.

மீனில்லாத அந்தத் தனித்தொட்டியில் ஓர் எச்சரிக்கை. நம் வெயிலில் பத்து நாளுக்குள் கொசு முட்டையிட்டுப் பறந்துவிடும். டெங்குக் கொசு இப்படிப்பட்ட தெளிந்த நீரையே தேடி வருவது. வாயகன்ற தொட்டியாயின் மெல்லிய வலைத்துணியால் மூடி, விளிம்பைச் சுற்றிக் கயிற்றால் இறுகக் கட்டிவைக்க வேண்டும். துணி நீரில் படியாமல் நாலு விரற்கடை மேலே நிற்கட்டும்.